காசு வாங்கேக்க மூண்டு பேர், கதை கேக்கேக்க ஒரு ஆள்: யாழ்ப்பாணத்தில எங்கட பிள்ளையள் படிக்கிற தனியார் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பணிப்பாளர் சபைக்கும் அதிபருக்கும்,

மார்கழி 19 ஆம் திகதி இரவு எட்டரைக்கு நீங்கள் அனுப்பின கடிதம் என்ர போனுக்கு மூண்டு தரம் வந்தது. மூண்டு பிள்ளையள், மூண்டு வகுப்பு குரூப், ஒரே போன். புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டனான், முதலாந்தரம் வாசிக்க விளங்கேல்ல, ரெண்டாந்தரம் வரேக்க விளங்கீட்டுது, மூண்டாவது சின்னவளின்ர குரூப்பில வந்தது, அதைத் திறக்க மனமே வரேல்ல. வாற தவணையில இருந்து எல்லா வகுப்புக்கும் கட்டணம் 20 வீதம் கூடுது எண்டு ஒரு வசனம். அதுக்குக் கீழ, ஏதோ யூனிபோம் நிறம் மாத்திற மாதிரி, இன்னொரு வசனம்: ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகை புதிய தவணையுடன் நிறுத்தப்படுகிறது. ஏன் எண்டு ஒரு சொல்லும் இல்லை. கேப்பம் எண்டு பாத்தா குரூப் பூட்டு, அட்மின் மட்டும்தான் எழுதலாம்.

பேந்து நேர வந்தனான். முதல் நாள் சேர் கொழும்பில எண்டிச்சினம், அடுத்த நாள் மீற்றிங்கில, மூண்டாம் நாள் கடிதமா எழுதித் தாங்கோ எண்டு சொல்லிச்சினம். எழுதித் தந்தனான், மார்கழி 29, ரெண்டு பக்கம், பிரதியில கிளாக் சைன் வச்சுத் தந்தவ, அது வீட்டில இருக்குது. பதில் வரேல்ல. கல்விக் கந்தோரிலயும் போய்க் கேட்டனான், அவை பாவம் மரியாதையாத்தான் சொல்லிச்சினம், உது கம்பனிச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்ச நிறுவனம் அம்மா, கட்டணத்தில நாங்கள் தலையிடேலாது எண்டு. ஒரு கடையில அரிசி கூட விலைக்கு வித்தா முறைப்பாடு செய்ய இடம் இருக்கு, பிள்ளையளின்ர பீஸுக்கு அப்பிடி ஒரு கதவை நான் இன்னும் காணேல்ல. அதாலதான் இந்த மடல் வெளியில வருது. பள்ளிக்கூடத்தின்ர பேரைப் போடேல்ல, ஏன் எண்டா என்ர பிள்ளையள் இன்னும் உங்கட வாசலுக்குள்ளதான் வரப்போகினம். உங்களுக்கு உங்களை விளங்கும்.

இப்ப கணக்குக்கு வாறன், ஏன் எண்டா 20 வீதம் எண்டு நீங்கள் எழுதினது எங்கட வீட்டுக்கு உண்மையில்லை. போன வருசம் ஒரு தவணைக்கு மூத்தவளுக்கு 45,000, ரெண்டாமவனுக்கு 40,000, சின்னவளுக்கு 35,000. ரெண்டாம் பிள்ளைக்கு 10 வீதம், மூண்டாம் பிள்ளைக்கு 25 வீதம் எண்ட உங்கட சலுகையைக் கழிச்சு நாங்கள் கட்டினது 1,07,250. இனிமேல் 54,000, 48,000, 42,000, கழிக்க ஒண்டும் இல்லை, மொத்தம் 1,44,000. தவணைக்கு 36,750 கூட, வருசத்துக்கு 1,10,250 கூட. உது 20 வீதம் இல்லை, 34 வீதம். ஒரு பிள்ளை விட்ட வீட்டுக்கு 20, மூண்டு பிள்ளை விட்ட வீட்டுக்கு 34. மூத்தவளைத்தான் கல்குலேற்றர் எடுத்துக்கொண்டு வா எண்டு கூப்பிட்டனான், பேந்து யோசிச்சன் அவளைக் கூப்பிட்டிருக்கக் கூடாது எண்டு.

வருசத்துக்கு 4,32,000. மாசத்துக்குப் பிரிச்சா 36,000. நான் ஒரு கடையில கணக்கு எழுதுறன், என்ர சம்பளம் 38,000. தனியார் துறையில ஆகக்குறைஞ்ச சம்பளம் எண்டு அரசாங்கம் 2025 இல கொண்டுவந்தது 27,000, 2026 தையில இருந்து 30,000, அதோட பாத்தா எனக்கு நல்ல சம்பளம் எண்டுதான் சொல்லவேணும். நான் விடிய ஏழரைக்குப் போய் பின்னேரம் ஆறு மணிக்கு வாறது உங்கட பீஸுக்கு, மிச்சம் 2,000. சாப்பாடு, கரண்ட், ஸ்கூட்டிக்குப் பெற்றோல், மாமியின்ர பிறசர் மருந்து எல்லாம் இவரின்ர வெல்டிங் பட்டறைதான் பாக்கவேணும். கேற்று, கிறில் அடிக்கிற தொழில். ஆடி ஆவணியில வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் வந்து வீடு கட்டிற நேரம் வேலை வரும், மழை துவங்கினா படுத்திடும். உங்கட முதலாந்தவணைக் காசு கேக்கிறதோ தையில, மாரியில படுத்த கையோட. கொப்பி, சப்பாத்து, பொங்கல் எல்லாம் அதே மாசம்.

நாங்கள் எப்பிடி உங்களிட்ட வந்தது எண்டதையும் சொல்லவேணும். 2018 இல மூத்தவளை முதலாம் வகுப்புக்குக் கொண்டுவரேக்க உங்கட கந்தோரில ஒரு மடிச்ச தாள் தந்தவை, பச்சை நிறம், அதில சலுகை வீதம் அச்சில இருந்தது. எனக்கு அப்ப ரெண்டாவது சின்னப் பிள்ளை. அண்டைக்கு அந்தக் கதிரையில இருந்தவ சொன்னது அப்பிடியே ஞாபகம் இருக்கு, தம்பியையும் இங்கயே விடலாம் அம்மா, உங்களுக்குச் சுகம், வீண் அலைச்சல் இல்லை, பீஸிலயும் குறைப்பம் எண்டு. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் 2021 இல தம்பியும், போன வருசம் சின்னவளும் வந்தவை. சலுகையைக் காட்டி மூண்டு பிள்ளையளையும் உள்ளுக்க எடுத்துப்போட்டு, மூண்டாவது பிள்ளை வந்து ஒரு வருசத்தில சலுகையை நிப்பாட்டினா அதுக்கு என்ன பேர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

2021 இல தம்பி முதலாம் வகுப்புப் படிச்சது பாதி வருசம் இந்தப் போனிலதான். அக்காவுக்கு எட்டரைக்கு சூம், தம்பிக்கும் எட்டரைக்கு சூம், ஒரு போன், ஆள் மாறி ஆள். பீஸ் முழுக்கக் கட்டினனாங்கள். அடுத்த வருசம் 2022, உங்களுக்கும் மறந்திருக்காது, பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட காலம். கரண்ட் இல்லாத வெல்டிங் பட்டறை எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, இவர் மாமரத்துக்குக் கீழ கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த நேரம் உங்களிட்ட இருந்து ஒரு கடிதம் வந்தது, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம், இந்த நெருக்கடியில பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 5,000 தாங்கோ எண்டு. தந்தனாங்கள். ரெண்டு பிள்ளைக்கு 10,000, சங்கிலியை அடைவு வச்சு. அண்டைக்கு குடும்பம் எண்டு கூப்பிட்ட ஆக்கள்தான் இண்டைக்குக் குடும்பச் சலுகையை வெட்டினது.

மற்றது, நீங்கள் எங்களை எண்ணுற விதம். போனில செய்தி அனுப்புற உங்கட அப் (app) கட்டணம் பிள்ளைக்கு 1,500, நான் முதல்ல சொன்ன மாதிரி ஒரு போனுக்கு ஒரே செய்தி மூண்டு தரம் வாறதுக்கு 4,500. பெற்றோர் சங்கத்துக்கு சந்தா பிள்ளைக்கு 1,000, மூண்டு ரிசீற் தந்திருக்கிறியள். போன வருசம் பொதுக்கூட்டத்தில சிற்றுண்டிச்சாலை விசயத்துக்குக் கை உயர்த்தச் சொல்லேக்க நான் பகிடிக்கு ரெண்டு கையையும் உயர்த்தினனான், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தான் அம்மா எண்டு மைக்கிலேயே சொன்னவை, எல்லாரும் சிரிச்சது. நானும் சிரிச்சனான். இப்ப யோசிக்கிறன், காசு வாங்கேக்க நாங்கள் மூண்டு பேர், வாக்குக்கு ஒரு ஆள், சலுகை எண்டு வந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாத மூண்டு பிள்ளையள். ஏதாவது ஒரு கணக்கில நில்லுங்கோவன்.

செலவு கூடினது எங்களுக்கு விளங்காமல் இல்லை. கரண்ட் பில் எங்களுக்கும் வருது, போட்டோகொப்பித் தாள் என்ன விலை எண்டு கடையில இருக்கிற எனக்குத் தெரியும். ரீச்சர்மாருக்குச் சம்பளம் கூட்டத்தான் இந்த 20 வீதம் எண்டு எழுதியிருந்தா நான் இந்த மடலை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டன். ஆனா ஒரு ரீச்சரிட்டக் கேட்டன், மிஸ் உங்களுக்கு கூட்டித் தருகினமோ எண்டு, அவ சிரிச்சுப்போட்டு அங்கால போட்டா.

அடுத்தது, எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்ச விசயம். மூண்டாந்தரம் வந்த அண்டைக்கு, ஒரேயடியா கட்ட ஏலாது, மாசம் மாசம் பிரிச்சுக் கட்டலாமோ எண்டு கேக்க, உங்கட கந்தோரில ஒருத்தர் சொன்னார், வெளியில ஆரும் இல்லையோ உங்களுக்கு, அவையிட்டக் கேட்டா ஒரு போன்கோல்தானே எண்டு. கெட்ட மனசோட சொன்னதில்லை, அவருக்கு அது சும்மா ஒரு யோசனை. ஆனா அதிலதான் எனக்கு உங்கட கட்டணம் எப்பிடி வருது எண்டு விளங்கினது. நீங்கள் யாழ்ப்பாணத்துச் சம்பளத்துக்கு பீஸ் போடேல்ல, கனடாக் காசுக்கும் லண்டன் காசுக்கும் போடுறியள். வீட்டுக்கு ஒரு ஆள் வெளியில எண்டு ஒரு நினைப்பு. ஓம், இருக்கினம், இவரின்ர தமையன் பிரான்சில, ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவத் துவங்கி இப்ப குசினியில நிக்கிறார், அவருக்கும் ரெண்டு பிள்ளையள், அவருக்கும் வீட்டு வாடகை. போன வருசம் மாமியின்ர கண் ஒப்பரேசனுக்கு அனுப்பினவர். திருப்பியும் போன் எடுத்து, அண்ணை பிள்ளையளுக்கு பீஸ் கட்டவேணும் எண்டு கேக்கேக்க அங்கால ஒரு நிமிசம் சத்தம் வராது பாருங்கோ, அந்த ஒரு நிமிசம் உங்கட பீஸ் தாளில எழுதியிருக்கேல்ல. இவர் கேக்கமாட்டன் எண்டிட்டார். நானும் கேக்க விடேல்ல. சங்கிலி திருப்பியும் அடைவுக்குப் போட்டுது. பவுண் விலை ஏறினதால அதே சங்கிலிக்கு 2022 இல தந்ததை விட எவ்வளவோ கூடத் தந்தவங்கள், நாட்டில விலை ஏறினதால எங்களுக்கு வந்த ஒரேயொரு நன்மை அதுதான்.

இதை வாசிக்கிற கனபேர் கேக்கப்போறது தெரியும், கஷ்டமெண்டா ஏன் தனியார், அரசாங்கப் பள்ளிக்கூடம் சும்மாதானே எண்டு. சரியான கேள்வி. கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா 1945 இல இலவசக் கல்வியைக் கொண்டுவந்திருக்காட்டி என்ர அம்மா கையெழுத்து வைக்கத் தெரியாமல் இருந்திருப்பா. 1980 இல இருந்து பாடப்புத்தகமும் சும்மா, 1993 இல இருந்து யூனிபோம் துணியும் சும்மா, நானே அந்தப் புத்தகத்தில படிச்சு வந்தவள்தான். மூத்தவளுக்கு கிட்ட இருக்கிற பேர்போன பள்ளிக்கூடத்துக்கு அப்ளிக்கேசன் போட்டனாங்கள், நாங்கள் வாடகை வீடு, ஒப்பந்தம் ஒரு வருசம்தான், வதிவிடப் புள்ளி காணாது எண்டு விட்டிட்டினம். அப்ப எனக்கும் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்லேல்ல, பிள்ளை இங்கிலீசில படிக்கவேணும், கந்தோருக்குப் போய் நாங்கள் முழிக்கிற மாதிரி முழிக்கக் கூடாது எண்டு. அந்த ஆசைக்கு நான் பொறுப்பு. ஆனா ஒண்டு கவனிச்சுப் பாருங்கோ, அரசாங்கப் பள்ளிக்கூடத்து முதலாம் வகுப்பு அனுமதிச் சுற்றுநிருபத்தில, ஏற்கனவே அங்க படிக்கிற பிள்ளையளின்ர சகோதரங்களுக்கு எண்டு 15 வீத இடம் ஒதுக்கியிருக்கு. ஒரு வீட்டுப் பிள்ளையள் ஒரே வாசலுக்குள்ள போகவேணும் எண்டது சுற்றுநிருபம் எழுதினவைக்கே விளங்கியிருக்கு.

இப்ப மாத்தலாம்தானே எண்டா, அதுவும் லேசில்லை. மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, முதலாம் வகுப்பில இருந்து கணிதமும் விஞ்ஞானமும் இங்கிலீசில படிச்சவள், தமிழில பின்னம், ஒளித்தொகுப்பு எண்டு சொன்னா என்னைப் பாக்கிறாள். ஓலெவல் (சாதாரண தர) சோதினைக்கு இன்னும் மூண்டு வருசம்கூட இல்லை. நடுவில இழுத்து எங்க விடுறது? உங்கட விதிப்படி ஒரு தவணைக்கு முன்னம் அறிவிக்கவேணும், இல்லாட்டி ஒரு தவணைக் காசு கட்டினாத்தான் விடுகைப் பத்திரம். நாங்கள் போறதுக்கு ஒரு தவணை முன்னறிவித்தல், நீங்கள் 34 வீதம் கூட்டுறதுக்கு ரெண்டு மூண்டு கிழமை, அதுவும் நத்தார் லீவுக்குள்ள.

எங்கட ஒழுங்கையில இன்னொரு வீடும் உங்களிட்டத்தான் விட்டவை, ரெண்டு பிள்ளையள். இந்தக் கடிதம் வந்து ஒரு கிழமையில அவை முடிவெடுத்திட்டினம், ஒரு பிள்ளையை நிப்பாட்டுறது எண்டு. எந்தப் பிள்ளை எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அவள் தம்பியை விடக் கெட்டிக்காரி, என்ர மூத்தவளோட ஒண்டா ஸ்கூல் வானில போறவள். தாய்க்காரி என்னட்டச் சொல்லேக்க, பொம்பிளைப் பிள்ளைதானே, எங்க படிச்சாலும் படிக்கும் எண்டு சொன்னவ, சொல்லிப்போட்டு வாசல்படியைப் பாத்துக்கொண்டு நிண்டவ. எங்கட வீட்டில அப்பிடி நடக்க விடமாட்டன். ஆனா உங்கட சலுகை போன இடத்தில எத்தனை வீட்டில இந்தக் கதை நடக்குது எண்டு உங்கட வரவு இடாப்பைத் திறந்து பாத்தா விளங்கும். பேர் வெட்டுப்பட்ட பிள்ளையள் ஆணோ பெண்ணோ எண்டு பாருங்கோ.

கடைசித் தவணையில நடந்ததையும் எழுதத்தான் வேணும். கார்த்திகையில புயல் மழை வந்து பட்டறைக்குள்ள தண்ணி நிண்டு ரெண்டு கிழமை வேலை இல்லை, தம்பியின்ர காசு 18 நாள் பிந்தினது. சோதினைக்கு முதல் நாள் வகுப்பில, பீஸ் கட்டாத ஆக்கள் எழும்புங்கோ எண்டு ஒரு ரீச்சர் சொல்லியிருக்கிறா, அவவைப் பிழை சொல்லேல்ல, அவவின்ர கையில லிஸ்ற் குடுத்தது நீங்கள். பத்து வயசுப் பெடியன் வீட்டை வந்து ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் காய்ச்சல் எண்டு படுத்திட்டான், தொட்டுப் பாத்தா காய்ச்சல் இல்லை. ஆறேழு நாள் போனாப் பிறகு மூத்தவளின்ர கணிதக் கொப்பிக்குள்ள ஒரு கடிதம் கிடந்தது, உங்கட கடைசி ஞாபகமூட்டல், எனக்கு எண்டு அவளிட்டக் குடுத்து விட்டது. நாலு நாள் ஒளிச்சு வச்சிருந்திருக்கிறாள். ஏன் பிள்ளை தரேல்ல எண்டு கேட்டன். சீட்டு எடுக்கிற நாள் வெள்ளிக்கிழமை எல்லே அம்மா, அதுக்கு முதல் தந்து என்ன எண்டாள். பதினாலு வயசு. சீட்டு எப்ப எண்டு அவளுக்குத் தெரியவேண்டிய வயசு இல்லை.

பரிசளிப்பு விழாவுக்கு நாங்கள் அஞ்சு பேரும் வந்திருந்தனாங்கள், தம்பிக்கு சித்திரத்துக்கு ஒரு பரிசு. மேடையில ஆறுமுக நாவலரைப் பற்றி நீட்டிக் கதைச்சவை, 1848 இல வண்ணார்பண்ணையில பள்ளிக்கூடம் துவங்கினது, கல்விதான் எங்கட மூலதனம் எண்டெல்லாம். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தின ஊர் இது எண்டு எங்கட அப்புவும் சொல்லுவார், அடுப்பில உலை வைக்கேக்க ஒரு பிடி அரிசியை எடுத்துப் பானைக்குள்ள போட்டு வைப்பினமாம். உங்களிட்ட பிடியரிசிப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லேல்ல. நீங்கள் கம்பனி, லாபம் வேணும், சரி. அப்பிடியெண்டா கம்பனி மாதிரி சொன்ன விலைக்கு நில்லுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

நான் கேக்கிறது இவ்வளவுதான், மழுப்பாமல் எழுதுறன். முதலாவது, 2018 தாளை நம்பி வந்த குடும்பங்களுக்கு, அதாவது இப்ப உள்ளுக்க இருக்கிற சகோதரங்களுக்கு, கடைசிப் பிள்ளை முடிச்சுப் போகும்வரை 10, 25 வீதச் சலுகையை அப்பிடியே வையுங்கோ. புதுசா வாற ஆக்களுக்கு நீங்கள் என்ன விதி வச்சாலும் அவை தெரிஞ்சுதான் வருவினம், அதில எனக்குக் கதையில்லை. அப் கட்டணமும் சங்கச் சந்தாவும் குடும்பத்துக்கு ஒண்டு ஆக்குங்கோ. தவணைக் காசை நாலு துண்டாப் பிரிச்சுக் கட்ட எழுத்தில வழி தாங்கோ, இப்ப கிளாக்கின்ர முகம் பாத்துத்தான் அது நடக்குது. கட்டணம் கூட்டுறதெண்டா ஒரு வருசம் முன்னம், ஆகக்குறைஞ்சது ரெண்டு தவணைக்கு முன்னம், காரணத்தோட சொல்லுங்கோ, இந்த 20 வீதத்தில ரீச்சர்மாருக்கு எவ்வளவு போகுது எண்டதையும் சேத்து.

காசு விசயத்தை எங்களோட மட்டும் கதையுங்கோ. பிள்ளையை எழுப்பி நிப்பாட்டுறது, பிள்ளையின்ர கையில கடிதம் குடுத்து விடுறது, ரிப்போட்டை மறிச்சு வைக்கிறது இந்த மூண்டையும் இந்தத் தவணையோட நிப்பாட்டுங்கோ. தம்பியின்ர மூண்டாந்தவணை ரிப்போட் இன்னும் உங்கட கந்தோர் அலுமாரிக்குள்ள கிடக்கு, காசு கட்டி ஒரு மாசத்துக்கு மேல, ரிசீற் என்னட்ட இருக்கு, அதை இந்தக் கிழமைக்குள்ள தாங்கோ. ஒழுங்கையில நிப்பாட்டின அந்தப் பிள்ளையின்ர இடத்தை மாசி முடியும்வரை வேற ஆருக்கும் குடுக்காமல் வையுங்கோ, தேப்பனோட நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்.

கடைசியா, ஒண்டுக்கு மேல பிள்ளை விட்ட பெற்றோரை மட்டும் ஒரு நாள் கூப்பிடுங்கோ, சனிக்கிழமை பின்னேரம் எண்டா கடை, பட்டறை எல்லாம் விட்டு வரலாம். எங்கட பக்கத்தில இப்ப வரைக்கும் 23 குடும்பம் சைன் வச்சிருக்கு. தை 31 க்கு முன்னம் திகதி சொல்லுங்கோ. பதிலை குரூப்பில போடுறதெண்டா பூட்டைத் திறந்துபோட்டுப் போடுங்கோ.

இப்படிக்கு,
தரம் 9, தரம் 6, தரம் 2 பிள்ளையளின்ர அம்மா